பார்க்கத்தான் முடியும்

லோஷினி நர்ஸாக இருப்பது பாலோ ஊரில் அவளைத் தவிர எல்லாருக்கும் வசதியாக இருந்தது.

காலைச் சந்தையில் கங்கோங் கீரைக் கட்டைப் பொறுக்கக் குனிந்தால், யாராவது ஒருத்தி காதருகே வந்து நின்று குரலைத் தாழ்த்துவாள். முடிதிருத்தும் கடை செல்வா, முழங்கையில் போட்டிருந்த தையலைப் பிரித்துவிடச் சொல்லிக் காரை மறித்தான். மாரியம்மன் கோயில் வரிசையில் அர்ச்சனைத் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டே, கிருஷ்ணம்மா தன் காப்பர்-டியை எடுத்துவிட முடியுமா என்று கேட்டாள்.

"அஞ்சு நிமிஷ வேலைதானே தங்கச்சி. சாயங்காலம் வீட்டுக்கு வரட்டா? கீழ ஒரு பாய் போட்டா போதும்."

அம்மன் காதில் விழுந்திருக்கும் என்று லோஷினிக்கு வெட்கமாக இருந்தது. எல்லாருக்கும் அவளிடம் ஒரே பதில்தான். கிளினிக்குக்கு வாங்க. யாரும் வருவதில்லை.

வந்தால் செய்வதற்கு அவளிடம் வேலை இருந்தது. அரசாங்கக் கிளினிக்கின் மூன்றாம் எண் அறையில், கர்ப்பப்பை வாயிலிருந்து துளி சளி எடுத்துச் சோதனைக்கு அனுப்புவாள். புற்று வருவதற்கு முன்னாலேயே காட்டிக்கொடுக்கும் சோதனை அது. மார்பில் கட்டி இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பாள். கர்ப்பத்தடை ஊசி போடுவாள். காப்பர்-டியின் நூல் இருக்கிற இடத்தில் இருக்கிறதா என்று விளக்கைப் பிடித்துப் பார்ப்பாள். பார்ப்பதோடு சரி. அதைப் போடுவதும் எடுப்பதும் டாக்டரின் வேலை. பதினோரு வருடமாக அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றே வேலை செய்து வருகிறாள். அவளால் முடிந்ததை யாரும் கேட்பதில்லை. கேட்பதெல்லாம் அவளால் முடியாததாகவே இருந்தது.

வெளியே இப்படியென்றால், வீட்டில் மாமியார் காளியம்மா இருந்தாள்.

மலேசியாவின் ஜொகூரில் வார விடுமுறையை வெள்ளி, சனியிலிருந்து சனி, ஞாயிறுக்கு மாற்றியிருந்தார்கள். எந்தக் கிழமையானாலும் லோஷினிக்கு அது துணி துவைக்கிற நாள். அந்தச் சனிக்கிழமை மாமியாரின் கைலிகளை உதறி மெஷினில் போடும்போது, மடிப்புக்குள்ளிருந்து கிழிந்த துவாலைத் துண்டு ஒன்று விழுந்தது. நடுவில் பழுப்பாகக் காய்ந்த கறை. ஓரத்தில் இன்னும் ஈரம். லோஷினி அதை மூக்கருகே கொண்டுபோனாள். அந்த வாடை அவளுக்குத் தெரியும். மூன்றாம் எண் அறையில் கையுறையோடு எத்தனையோ முறை முகர்ந்த வாடை.

காளியம்மாவுக்கு அறுபத்து மூன்று வயது. மாதவிலக்கு நின்று பன்னிரண்டு வருடம் ஆகிறது.

பின்கட்டில் காளியம்மா மணைக்கட்டையில் உட்கார்ந்து, கல்லுரலில் காய்ந்த மிளகாயும் பெலாச்சான் இறால் விழுதும் இடித்துக்கொண்டிருந்தாள். வெளியே, எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டத்தின் மேல் வானம் காலையிலேயே கனத்துக் கிடந்தது.

"அத்தை, இது என்னா?"

காளியம்மா திரும்பிப் பார்த்தாள். "துணி."

"துணின்னு தெரியுது. இதுல என்னா இருக்கு?"

"பழம் பொறுக்கும்போது சாறு பட்டிருக்கும்."

"செம்பனைப் பழச் சாறு ஆரஞ்சு கலரா இருக்கும். இது ரத்தம்."

காளியம்மா குழவியை நிறுத்தவில்லை. இடிப்பதன் தாளம் மட்டும் கொஞ்சம் மெதுவானது.

"கடைசியா எப்ப ரிங்கு மாத்துனாங்க?"

காளியம்மா இன்னும் ரெண்டு மிளகாயை உரலில் போட்டாள்.

மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு நாள் குளியலறையில் காளியம்மா வழுக்கி விழுந்தபோதுதான், அவளுடைய கர்ப்பப்பை இறங்கிக் கிடப்பது லோஷினிக்குத் தெரிந்தது. கைமுட்டி அளவுக்கு வெளியே தள்ளியிருந்தது. எத்தனை நாளாக என்று கேட்டதற்கு, "அது ஒரு பத்து வருஷம் இருக்கும்" என்று, வீட்டுக் கூரை ஒழுகுவதைச் சொல்வதுபோலச் சொன்னாள். பிள்ளை பெற்ற இருபதாம் நாள் ரப்பர் பால் வாளி இரண்டைக் காண்டாக் கம்பில் கட்டித் தோளில் தூக்கிப் போனவள். ரப்பர் போய்ச் செம்பனை வந்த பிறகும், உதிரிப் பழம் நிரம்பிய கோணியை இடுப்பில் வைத்து ரோட்டுக்குக் கொண்டுவந்தவள். இன்றும் வாரத்தில் மூன்று நாள், குத்தகைக்காரன் லாரியில் ஏறி உதிரி பொறுக்கப் போகிறாள். வேண்டாம் என்று லோஷினி சொல்லாத வாரம் இல்லை. "வீட்டுல குந்திக்கிட்டு என்னா செய்யச் சொல்ற? சீரியல் பாக்கவா?" என்பதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும்.

அப்போது குளுவாங் ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை செய்யலாம் என்றார்கள். காளியம்மா மாட்டேன் என்றாள். சரி என்று, கர்ப்பப்பையைத் தாங்கிப் பிடிக்க வளையல் மாதிரி ஒரு வளையத்தை உள்ளே வைத்தார்கள். நான்கு மாதத்துக்கு ஒருமுறை வந்து எடுத்து, புண் இருக்கிறதா என்று பார்த்து, வேறு மாற்றிக்கொள்ள வேண்டும். முதல் சில தடவை லோஷினி லீவு போட்டுக் கூட்டிப்போனாள். அப்புறம் காளியம்மாவே சொன்னாள், "நான் பஸ்ஸுல போய்க்கறேன்லா, உன் லீவை ஏன் வீணாக்குற." லோஷினிக்கு அது நிம்மதியாகத்தான் இருந்தது. அதை நினைத்தால் இப்போது எரிச்சலாக வந்தது.

வீட்டுப் பத்திரங்கள் இருந்த பிளாஸ்டிக் பைக்குள் ஆஸ்பத்திரி அட்டை கிடைத்தது. கடைசி முத்திரைக்குப் பிறகு பதினாறு மாதம் ஓடியிருந்தது.

"மூணு தடவை பஸ் ஏறிப் போனீங்களே அத்தை. எங்க போனீங்க?"

"குளுவாங்குக்குத்தான் போனேன்."

"குளுவாங்குல எங்க?"

காளியம்மா உரலிலிருந்து சம்பலை வழித்துக் கிண்ணத்தில் போட்டாள். "மார்க்கெட்டுக்கு."

லோஷினிக்கு மீன் ஞாபகம் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போன நாளிலெல்லாம் காளியம்மா கெம்போங் மீன் வாங்கி வந்து குழம்பு வைத்தாள். லோஷினி அதை நல்லா இருக்கு என்று சொல்லி இரண்டாம் முறையும் ஊற்றிக்கொண்டாள். பொய்யைக்கூட மன்னித்துவிடலாம்போல இருந்தது. அந்த இரண்டாம் கரண்டியை மன்னிக்க முடியவில்லை.

"திங்கக்கிழமை நான் லீவு போடுறேன். ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"நான் வரல."

"உள்ள புண்ணாயிருக்கு. ரத்தம் வருது."

"அதான் சொல்றேன். நீயே எடுத்துடு."

"என்னது?"

"அந்த வளையத்தைத்தான். இழுத்தா வந்துடும்னு அந்த டாக்டரம்மாவே அப்ப சொல்லிச்சு. நீ நர்ஸுதானே."

 சுவரோரம் ஒரு பல்லி நகர்ந்தது.

"நான் எடுக்கக் கூடாது அத்தை. அதுக்குத் தனியாப் பயிற்சி இருக்கு, தனியா அனுமதிக் கடிதம் இருக்கு. எனக்கு ரெண்டும் இல்ல."

"வீட்டுக்குள்ள எடுத்தா யாருக்குத் தெரியும்?"

"தெரிஞ்சா என் லைசென்ஸ் போயிடும்."

"நான் போய்ச் சொல்வனா?"

"பதினாறு மாசம் ஆயிடுச்சு. சதை அதைச் சுத்தி வளந்திருந்தா, இழுக்கறப்ப கிழியும். ரத்தம் நிக்கலேன்னா இந்த அடுப்பாங்கரையில நான் என்னா பண்றது? பெலாச்சான வச்சு அமுக்கவா?"

"எங்க தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸர் எல்லாம் செஞ்சாரு," என்றாள் காளியம்மா. "பல்லு புடுங்குவாரு, கட்டு போடுவாரு, பிரசவம் பாப்பாரு, கிழிஞ்சா தைப்பாரு. பெரிய டாக்டர் மாசத்துக்கு ஒரு வாட்டி கார்ல வந்து கையெழுத்துப் போட்டுட்டு டீ குடிச்சுட்டுப் போவாரு. அந்த டிரெஸர் ஆறாம் கிளாஸ். நீ மூணு வருஷம் படிச்சுட்டு, அது கூடாது இது கூடாதுன்னு சொல்ற. அப்ப என்னாத்தைத்தான் படிச்ச?"

லோஷினி துவாலைத் துண்டை மெஷினில் எறிந்து மூடியைச் சாத்தினாள். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.   மத்தியானம் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சம்பல் மட்டும் நன்றாக இருந்தது. அதை அவள் சொல்லவில்லை.

ரூபேந்திரன் ஞாயிற்றுக்கிழமை போன் செய்தான். லோஷினியின் கணவன். சிங்கப்பூரில் துவாஸ் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. கெலாங் பாத்தாவில் நாலு பேரோடு அறை எடுத்துத் தங்கி, தினமும் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டிப் போய்வருகிறான். சனி இரவு பாலோவுக்கு வந்துவிடுவான். இந்த வாரம் ஓவர்டைம்.

"அம்மா பேசுனாங்க. ரொம்ப வருத்தமா இருக்காங்க."

"என்னா சொன்னாங்க?"

"நீ ஏதோ செய்ய மாட்டேங்கறியாம்."

"ஏதோன்னா என்னான்னு கேட்டீங்களா?"

அந்தப் பக்கம் யாரோ பாத்திரம் கழுவும் ஓசை.

"அது பொம்பளைங்க விஷயம். எனக்கு எதுக்குலா."

"உங்க அம்மாவுக்குக் கர்ப்பப்பை இறங்கியிருக்கு. உள்ள ஒரு வளையம் வச்சிருக்காங்க. அதை மாத்தி பதினாறு மாசம் ஆகுது. இப்ப..."

"ஏய், போதும், போதும். சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன்."

"அதுல இருந்துதான் நீங்க வந்தீங்க."

"லோஷி."

"சரி. சாப்பிடுங்க."

"இல்ல, நான் என்னா சொல்றேன்னா, நீ நாலும் தெரிஞ்சவ. மெதுவா, பக்குவமா எடுத்துட்டா பிரச்சினை முடிஞ்சுச்சு. அம்மாவுக்கும் அலைச்சல் இல்ல. ஆம்பள டாக்டர் முன்னாடி எல்லாம் அவங்களால..."

"நீங்க தொழிற்சாலையில போர்க்லிப்ட் ஓட்டுறீங்களா?"

"இல்லையே. அதுக்கு வேற லைசென்ஸ்."

"ஓட்டத் தெரியுமா?"

"தெரியும், ஆனா... அது வேற."

"வேறதான்," என்றாள் லோஷினி. போனை வைத்த பிறகும் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை, சொன்னபடி லீவு போட முடியவில்லை. விடிவதற்குள்ளேயே காளியம்மா லாரி ஏறிப் போய்விட்டிருந்தாள். மேசைமேல் மூடிவைத்த இட்லி, பக்கத்தில் நேற்றைய சம்பல். லோஷினி இட்லியைத் தொடாமல் கிளினிக்குக்குப் போனாள்.

கிளினிக்கில் தலைமை நர்ஸ் பிரேமளா. ஓய்வுபெற இன்னும் இரண்டு வருடம் இருந்த சிலோன்காரப் பெண்மணி. சட்டைக் காலரும் பேச்சும் ஒரே மாதிரி விறைப்பாக இருக்கும். லோஷினி மருந்து அலமாரிப் பக்கம் நின்று நடந்ததைச் சொன்னாள். பிரேமளா குறுக்கே பேசாமல் கேட்டாள். கேட்டு முடித்ததும் அலமாரியைப் பூட்டினாள்.

"நீ அதைத் தொடக் கூடாது பிள்ளை. விளங்குதோ?"

"விளங்குது சிஸ்டர்."

"வீட்டில எண்டாலும் தொடக் கூடாது. மாமி அழுதாலும் தொடக் கூடாது. பதினாறு மாசம் எண்டால், அது எங்க போய்ப் பதிஞ்சு கிடக்குதோ."

"தெரியும் சிஸ்டர். அவங்களுக்குத்தான் தெரியல. நம்ம டாக்டரம்மாவும் பிரசவ லீவுல இருக்காங்க. இப்ப இருக்கறது டாக்டர் ஹபிஸ் மட்டும்தான். அவர் வயசு என்னா, இருபத்தெட்டு. இவங்க வர மாட்டாங்க."

"ஏலாது எண்டதை மட்டும் சொல்லிக்கொண்டு நில்லாதே. உன்னால ஏலுமானது என்ன எண்டு சொன்னியா?"

லோஷினி யோசித்தாள். சொல்லியிருக்கவில்லை.

"கூட்டிக்கொண்டு வா. விளக்கைப் பிடிச்சு நீ பார். அது உன்ர வேலைதானே. பார்த்து எழுதி வை. மிச்சத்துக்கு டாக்டர் இருக்கிறார். பார்க்கிறதைப் பார்க்கலாம், வளையத்தில கை வைக்கேலாது."

மாலையில் லோஷினி வீட்டுக்கு வரும்போது மழை கொட்டிக்கொண்டிருந்தது. ரோட்டோரக் கால்வாய் செம்மண் நிறத்தில் பொங்கி ஓடியது. வீடு பூட்டியிருந்தது. காளியம்மாவின் ரப்பர் பூட்ஸ் அடுத்த வீட்டு வாசலில் கிடந்தது.

அடுத்த வீடு ராசம்மாவுடையது. காளியம்மாவோடு லாரி ஏறுகிறவள். அதற்கு முன்னால் இருபது வருடம் தோட்ட ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தவள். லோஷினி குடையை மடக்காமலே பின்வாசல் வழியாக உள்ளே போனாள்.

அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. சமையலறைத் தரையில் பிளாஸ்டிக் பாய். பாய்மேல் காளியம்மா கைலியை நெஞ்சுவரை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ராசம்மா மணைமேல் குந்தி, ஒரு கிண்ணத்தில் தேங்காய் எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவள் கையில் நீல நிறக் கையுறை. வீட்டில் லோஷினியின் மேசை இழுப்பறையில் இருந்த கையுறை.

 தகரக் கூரையில் மழை இரைந்தது.

"கைய வச்சிட்டீங்களா?" என்றாள் லோஷினி.

"இன்னும் இல்ல," என்றாள் ராசம்மா. "இப்பத்தான் தண்ணி கொதிக்குது."

லோஷினி அடுப்பை அணைத்தாள். குடையிலிருந்து சொட்டிய தண்ணீர் பாய்வரை ஓடியது.

"அந்தக் கையுறையைக் கழட்டுங்க பெரியம்மா."

"நீ ஏன்டி மொறைக்கற? நீயும் செய்ய மாட்ட, செய்யறவளையும் விட மாட்ட. நான் பாக்காத ஒடம்பா? இந்தத் தோட்டத்துல பாதிப் பேரை இழுத்து வெளிய போட்டது இந்தக் கைதான்."

"பிள்ளை வர்றதுக்குன்னு வழி இருக்கு பெரியம்மா. அது தானா வரும். இது தானா வராது. சதை மூடியிருந்தா எண்ணெய் போட்டு இழுத்தாலும் சதையோடதான் வரும். ரத்தம் கொட்டுனா ஆம்புலன்ஸ் குளுவாங்குல இருந்து வரணும், இந்த மழையில. வர்றதுக்குள்ள என்னா ஆகும்னு நீங்களே சொல்லுங்க. ஆஸ்பத்திரியில இருந்தவங்கதானே."

ராசம்மா எண்ணெய்க் கிண்ணத்தைப் பார்த்தாள். அவளுக்குத் தெரியும் என்பது அவள் முகத்தில் தெரிந்தது. மெதுவாக ஒரு விரலாகக் கையுறையை உருவினாள்.

"நான் அப்பவே சொன்னேன் காளி, வேணாம்னு."

"எப்ப சொன்ன?" என்றாள் காளியம்மா. "நீதான எண்ணெய் வாங்கிட்டு வந்த."

"நீதான அழுத."

"நான் எங்கடி அழுதேன்? புகை."

"கேஸ் அடுப்புல புகையா."

லோஷினிக்குச் சிரிப்பு வரவில்லை. வேறொரு நாளாக இருந்தால் வந்திருக்கும். அவள் ஈரச் சீருடையோடு பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள். அரைமணி நேரம் கத்தலாம் என்றுதான் வாயைத் திறந்தாள், கத்தவும் செய்தாள். பதினாறு மாசம், பஸ், மீன், பொய், கோணி, தோட்டம், நாளைக்கு ஒன்று ஆகிவிட்டால் மகன் யாரைக் கேட்பான், ஊர் யாரைக் கேட்கும், நர்ஸ் வீட்டிலேயே இப்படியா என்றுதானே கேட்கும். காளியம்மா தலையைக் குனிந்து, கைலியின் கரையை நெருடிக்கொண்டே கேட்டாள். கத்தல் ஓய்ந்தபோது மழையும் கொஞ்சம் ஓய்ந்திருந்தது.

"எடுக்கத்தான் கூடாதுன்ற," என்றாள் காளியம்மா. "பாக்கறதுக்காவது விடுவாங்களா உன்னை? இல்ல அதுக்கும் லைசென்ஸ் வேணுமா?"

லோஷினி நிமிர்ந்தாள்.

"பாக்கலாம். பாக்கறது என் வேலைதான். ஆனா கிளினிக்குல. வெளிச்சம் வேணும், கருவி வேணும்."

"நீ மட்டும்தான?"

"நான் மட்டும்தான்."

"வேற யாரும் உள்ள வர மாட்டாங்களே?"

"கதவைச் சாத்திடறேன். பக்கத்து அறையில ஹபிஸ்னு ஒரு சின்ன வயசு டாக்டர் இருப்பாரு, நான் கூப்பிடாம வர மாட்டாரு."

காளியம்மா ராசம்மாவைப் பார்த்தாள். ராசம்மா எண்ணெயைத் திரும்பப் போத்தலில் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"சரி," என்றாள் காளியம்மா. "பாத்து மட்டும் சொல்லு."

செவ்வாய்க்கிழமை காலை காளியம்மா குளித்து, விபூதி இட்டு, கல்யாணத்துக்குக் கட்டுகிற பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டாள். தூக்குச்சட்டியில் பொங்கல் வேறு. எதற்கு என்று கேட்டதற்கு, "மருமவ வேலை செய்யற எடம், வெறுங்கையோட போவ முடியுமா" என்றாள். சட்டியை வாங்கிய பிரேமளா நன்றி சொல்லிவிட்டு, "நான் வாசல்ல நிக்கிறன், ஒருத்தரையும் விட மாட்டன்" என்றாள். காளியம்மாவுக்கு அவளைப் பிடித்துவிட்டது.

மூன்றாம் எண் அறை சிறியது. ஒரு கட்டில், ஒரு விளக்கு, சுவரில் கர்ப்பப்பையின் படம். காளியம்மா அந்தப் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இம்புட்டுத்தானா இது?"

"இம்புட்டுத்தான்."

"நான் என்னமோ பெருசா இருக்கும்னு நெனச்சேன்."

கட்டிலில் படுக்கவைத்து, இடுப்புக்கு மேல் போர்வை போட்டு, முழங்காலை மடக்கச் சொன்னாள் லோஷினி. கருவியை வெந்நீரில் காட்டி, சூட்டைத் தன் மணிக்கட்டில் தொட்டுப் பார்த்தாள். இதைத் தினமும் செய்கிறாள்.  இன்று கருவியைப் பிடித்துக்கொண்டே பேச்சுக் கொடுத்தாள்.

"ஏன் அத்தை போகாம விட்டீங்க? நிஜத்தைச் சொல்லுங்க."

காளியம்மா மின்விசிறியைப் பார்த்தபடி கிடந்தாள். பதில் வராது என்று லோஷினி நினைத்தபோது வந்தது.

"மொதவாட்டி தனியாப் போனேன்ல. அன்னிக்கு டாக்டரோட நாலஞ்சு பிள்ளைங்க நின்னுச்சுங்க. படிக்கற பிள்ளைங்க. மரியாதையாத்தான் கேட்டாங்க. இவங்களும் பாக்கலாமா மக்சிக், போலேன்னு. நானும் போலே, பாக்கலாம்னுட்டேன்."

"வேணாம்னு சொல்லலாம் அத்தை. சொன்னா ஒண்ணும் செய்ய மாட்டாங்க."

"எப்படிச் சொல்றது? வேலை வாங்கற மண்டோர் கேட்டாலும் போலே, கணக்கெழுதற கிராணி கேட்டாலும் போலேன்னு சொல்லி வளந்த வாயி. வெள்ளைக் கோட்டு போட்டவங்க கேட்டா வேற வார்த்தை வருமா." நிறுத்தினாள். "அதுகூட பரவால்ல. அதுல ஒண்ணு நம்ம பொண்ணு. சின்னதாப் பொட்டு வச்சிருந்துச்சு. எல்லாரும் பாத்தாங்க, அது மட்டும் பாக்காம தலையைக் குனிஞ்சுக்கிச்சு. பாத்திருந்தாக்கூட எனக்கு ஒண்ணும் இல்ல லோஷினி. அது குனிஞ்சுச்சு பாரு, அதுக்கப்புறம் என்னால போவ முடியல."

லோஷினி விளக்கைக் கட்டில் பக்கம் இழுத்தாள். மருமகளாகி ஒன்பது வருடத்தில் காளியம்மா அவளைப் பேர் சொல்லி அழைத்தது மிகக் குறைவு.

"காலை விரிச்சுக்குங்க. மூச்சை வாயால விடுங்க. கொஞ்சம் அழுத்தமா இருக்கும்."

விளக்கைத் திருப்பினாள். குனிந்தாள். தலையைத் திருப்பாமல் பார்த்தாள்.

வளையம் தெரிந்தது. ஆனால் பாதிதான். இடது பக்கம் அது சதைக்குள் போய் மறைந்திருந்தது. பழைய ரப்பர் மரத்தில் கோப்பையைத் தாங்கக் கட்டிய கம்பியைப் பட்டை வளர்ந்து விழுங்கிவிடுமே, அப்படி. அது அவள் எதிர்பார்த்ததுதான். மனதுக்குள் அதற்கான வாக்கியத்தைக்கூட எழுதி வைத்திருந்தாள். அதற்குப் பின்னால், கர்ப்பப்பை வாயின் ஓரத்தில், வளையம் தொடவே தொடாத இடத்தில் இன்னொன்று இருந்தது. காலிஃபிளவர் துணுக்கு மாதிரி மேடுபள்ளமாக. அவள் ஒன்றையும் தொடவில்லை. தொடாமலே அதிலிருந்து ரத்தம் மெதுவாகக் கசிந்து இறங்கியது.

அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். பதினோரு வருடத்தில் இப்படி ஒன்றை இரண்டு முறை பார்த்திருக்கிறாள். அந்த இரண்டு பேருக்கும் அவள் சொன்னது ஒரே வாக்கியம். டாக்டர் பார்த்துச் சொல்வார். இது இன்னது என்று பெயர் சொல்வது அவள் வேலை இல்லை. சதையை எடுத்துச் சோதித்தால்தான் யாருக்குமே தெரியும். அது சரியான விதிதான். அதை அவளே புதிதாக வருகிற நர்ஸுகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறாள்.

மின்விசிறி சுற்றியது. வெளியே யாரோ எண்ணைக் கூப்பிட்டார்கள். நாற்பத்திரண்டு.

"என்னா தெரியுது?" என்றாள் காளியம்மா.

லோஷினி கருவியை மெதுவாக வெளியே எடுத்தாள். தட்டில் வைத்தாள். பஞ்சால் துடைத்தாள். அந்த வாக்கியம் தயாராக இருந்தது. முதல்முறையாக அதைச் சொல்ல வெறுப்பாக இருந்தது.

"கேக்கறேன்ல."

லோஷினி கையுறையைக் கழற்றினாள். ஒன்றைக் கழற்றி, இன்னொன்றைக் கழற்ற மறந்து நின்றாள்.

காளியம்மா முழங்கையை ஊன்றித் தலையைத் தூக்கி, மடக்கிய தன் இரண்டு முழங்கால்களுக்கும் நடுவே மருமகளின் முகத்தைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"நீ இந்நேரம் கத்தியிருக்கணும்," என்றாள். "பாத்தீங்களா, நான் அப்பவே சொன்னேன், பதினாறு மாசம், மீனு, அது இதுன்னு. கத்தலையே நீ."

லோஷினி வாயைத் திறந்தாள். "டாக்டர் பாக்கணும் அத்தை."

"நல்லதா கெட்டதா?"

"நான் சொல்லக் கூடாது. எனக்குத் தெரியாது. நிஜமாவே தெரியாது. பாத்தேன், அவ்வளவுதான்."

"ம்."

காளியம்மா மறுபடி தலையணையில் சாய்ந்தாள். போர்வையின் ஓரத்தை நெஞ்சுவரை இழுத்துவிட்டுக்கொண்டாள். இழுத்ததில் பாதம் இரண்டும் வெளியே தெரிந்தன. தோட்டத்து மண் ஏறிக் கறுத்த வெடிப்புகள். அவற்றுக்கு மேல், சுருட்டிவிட்ட பச்சைச் சேலையின் சரிகை.

"அந்தப் பையன் பேரு என்னா சொன்ன?"

"எந்தப் பையன்?"

"டாக்டரு."

"ஹபிஸ்."

"இருக்கானா இன்னிக்கு?"

"பக்கத்து அறையிலதான் இருக்காரு."

"வரச் சொல்லு." காளியம்மா கண்ணை மூடிக்கொண்டாள். முழங்கால்களை இறக்கவில்லை. "நீ எங்கயும் போயிடாத. தலைமாட்டுல நிக்காத, அவன் பக்கத்துலயே நில்லு. அவன் என்னா பாக்கறான்னு நீயும் பாரு. அவன் தலையைக் குனிஞ்சுக்கிட்டாலும் நீ குனியாத."

லோஷினி மற்றக் கையுறையையும் கழற்றினாள். கதவுவரை போனாள். கைப்பிடியில் கை வைத்து நின்றாள்.

"சீக்கிரம் கூப்பிடேன்லா," என்றாள் காளியம்மா பின்னாலிருந்து. "காலு மரத்துப் போவுது."